தபாலில் வந்த பத்துப்பாட்டு

2006 நவம்பர். சியாட்டிலில் வந்து இறங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 15 அங்குலத்துக்கு மேல் மழை பெய்து, ஊரின் பழைய கணக்கையெல்லாம் முறியடித்துவிட்டது. வேலைக்குப் போன அலுவலகத்தில் எனக்கு அடையாள அட்டை இன்னும் வரவில்லை. தினமும் காலையில் வரவேற்பு மேசையில் பெயரைச் சொன்னால், ஒரு சின்ன அச்சுப்பொறியிலிருந்து வெள்ளை ஸ்டிக்கர் வரும். அதில் 'விசிட்டர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை நெஞ்சில் ஒட்டிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும்.

அந்த ஸ்டிக்கரில் ஒரு வேலைப்பாடு உண்டு. ஒரு நாள் கழிந்தால் அடியிலிருந்து சிவப்பு மை ஊறி மேலே வந்துவிடும். வெள்ளைப் பரப்பெல்லாம் கோடு கோடாகச் சிவந்துபோகும். நேற்றைய ஸ்டிக்கரை இன்றைக்கு யாரும் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது, அதற்காக. கம்பளி ஸ்வெட்டரில் அது சரியாக ஒட்டவும் செய்யாது. மதியத்துக்குள் ஒரு முனை கிளம்பிவிடும். விரலால் அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டே இருப்பேன்.

அன்று மாலை பஸ்ஸைத் தவறவிட்டு நின்றேன். பக்கத்து மேசைக்காரர் தன் காரில் ஏற்றிக்கொண்டார். அந்த ஊர்க்காரர், வார இறுதியில் ஒரு சின்ன பேண்டில் டிரம்ஸ் வாசிப்பவர். ஏரியின் மேல் போகும் 520 மிதவைப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. அவர் ஒரு சிடியைச் செருகினார். முதலில் ஆர்கன் மாதிரி ஓர் ஒலி, தூரத்தில் எங்கோ நிற்பதுபோல. அதன்மேல் ஓர் ஆண்குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. பாதி தூரம் போனதும் டிரம் மெஷின் புகுந்து பாட்டின் நடையையே மாற்றியது. அப்போது எனக்கு வரிகள் முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் ஓரிடத்தில் அந்தக் குரல், நெஞ்சில் ஒட்டிய வினைல் ஸ்டிக்கரைப் பற்றிப் பாடியது. அதில் பெரிய பெரிய எழுத்துகள் இருக்கிறதாம். தான் இங்கே வந்துபோகிறவன், நிரந்தரம் இல்லை என்று காதலியின் புது நண்பர்களுக்கு அது சொல்கிறதாம்.

நான் குனிந்து என் ஸ்வெட்டரைப் பார்த்தேன். ஸ்டிக்கர் அங்கேயேதான் இருந்தது. கழற்ற மறந்திருந்தேன்.

அந்தப் பாட்டு 'தி டிஸ்ட்ரிக்ட் ஸ்லீப்ஸ் அலோன் டுநைட்'. ஆல்பத்தின் பெயர் 'கிவ் அப்'. பாடியவர்கள் தி போஸ்டல் சர்வீஸ். 2003 பிப்ரவரியில் வந்தது. இதோடு கிட்டத்தட்ட இருபது வருஷமாக வாழ்ந்துவருகிறேன். அந்த ஆல்பத்தைவிட, அதைப் பற்றி ஆட்கள் என்னிடம் சொன்ன அபிப்பிராயங்களோடுதான் அதிகம் வாழ்ந்திருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். இவ்வளவு மென்மையான ஓர் ஆல்பத்தைக் குறித்து இவ்வளவு கடுமையாகச் சண்டை போடுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

சண்டை புரியவேண்டும் என்றால், அது எப்படி உருவானது என்று கொஞ்சம் சொல்லவேண்டும்.

ஜிம்மி டாம்பரெல்லோ லாஸ் ஏஞ்சலிஸ்காரர். டின்டெல் என்ற பெயரில் மின்னணு இசை செய்துவந்தார். கரகரப்பும் ஒலிச்சிதறலும் நிறைந்த, சற்றே விசித்திரமான இசை. பென் கிப்பர்ட் வடமேற்கில், சியாட்டில் பக்கம். டெத் கேப் ஃபார் க்யூட்டி என்ற கிட்டார் பேண்டின் பாடகர். 2001-ல் வந்த டின்டெல் ஆல்பம் ஒன்றில் கிப்பர்ட் ஒரு பாட்டுப் பாடினார். அது இருவருக்கும் பிடித்துப்போக, இன்னும் கொஞ்சம் செய்து பார்ப்போம் என்று ஆரம்பித்தார்கள். ஆனால் இருவருக்கும் நடுவே கிட்டத்தட்ட ஆயிரம் மைல் தூரம். டாம்பரெல்லோ தன் அறையில் கட்டிய இசைத்தடங்களைப் பதிவுசெய்து தபாலில் அனுப்புவார். கிப்பர்ட் அதை வெட்டி, ஒட்டி, மெட்டுப் போட்டு, வரி எழுதி, பாடி, சில இடங்களில் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். அப்படியே போய் வந்து போய் வந்து பத்துப் பாட்டு ஆயிற்று. பெயரும் அப்படித்தான் வந்தது.

அமெரிக்கத் தபால் துறைக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அது எங்கள் வணிகச்சின்னம், நிறுத்துங்கள் என்று 2003-லேயே கடிதம் வந்துவிட்டது. அப்புறம் நடந்ததுதான் அழகு. 2004-ல் இரண்டு தரப்பும் சமரசத்துக்கு வந்தார்கள். பெயரை வைத்துக்கொள்ளலாம், பதிலுக்குத் தபாலில் கடிதம் போடும் பழக்கத்தை நல்லவிதமாகச் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. தபால் துறையே தன் இணையதளத்தில் சிடியை விற்க ஒப்புக்கொண்டது. வாஷிங்டனில் தபால் அதிகாரிகளின் வருடாந்தர மாநாட்டில் இவர்கள் வாசிப்பதாகவும் பேச்சு. தபாலை நம்பிப் பிறந்த ஓர் இசையைத் தபால்காரர்களே தத்தெடுத்த இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் முகம் மலரும். இந்த ஆல்பத்தைப் பிடிக்காதவர்களுக்குக்கூட.

சரி, பிடிக்காதவர்களிடம் வருகிறேன்.

முதல் ஆள் என் ரூம்மேட். மதுரைக்காரன். ராஜா பாட்டில் பேஸ் கிட்டாரை மட்டும் தனியாகப் பிரித்துத் தொடையில் தட்டிக் காட்டுவான். அவ்வளவு நுணுக்கமான காது. சிடியைக் கடன் வாங்கிவந்து அவனுக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று பாட்டு வரை பொறுத்தான். "என்னடா இது, வீடியோ கேம் சத்தம். ஒரு மனுசன் உக்காந்து வாசிச்ச மாதிரி ஒரு இடம் காட்டு பாப்போம்" என்றான். இதைப் பலவிதமான வார்த்தைகளில் பிறகு பலரிடம் கேட்டிருக்கிறேன். பொம்மை இசை, பிளாஸ்டிக், தொட்டால் சில்லென்று இருக்கிறது. இந்த அபிப்பிராயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஏனென்றால் அது பாதி உண்மை. இதில் ஒலிகள் சின்னவை. சொட்டுச் சொட்டாக விழுபவை. பேஸ் வயிற்றில் குத்தாது. டிரம் மெஷின் துல்லியமாக நடக்கும், வியர்க்காது.

ஆனால் அந்தச் சின்ன ஒலிகளின் மேல் நிற்கிற குரலை அவன் கேட்கவில்லை என்று எனக்குப் பட்டது. அந்தக் குரல் எங்கேயும் கத்துவதில்லை. கத்தினால் கீழே இருக்கிற தளம் உடைந்துவிடும் என்று அதற்குத் தெரியும். இயந்திரம் சீராகப் போய்க்கொண்டே இருக்க, அதன் மேல் ஒரு மனிதன் சீரில்லாத ஒன்றைச் சொல்லப் பார்க்கிறான். இந்த இழுபறிதான் எனக்கு ஆல்பம். ரூம்மேட் ஒரு பாதியைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்.

வேடிக்கை என்னவென்றால், இன்னொரு பாதியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவர்களும் உண்டு. டெத் கேப் ரசிகர்களில் பலருக்கு அப்போது வருத்தம். எங்கள் ஆள் எவ்வளவு நல்ல பேண்டு வைத்திருக்கிறார், இந்தப் பெட்டி இசைக்கு ஏன் போனார் என்று. டின்டெல் ரசிகர்களுக்கு நேர்மாறான வருத்தம். அலுவலகத்தில் ஒலித்தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் இருந்தார். கிப்பர்ட் குரல் வந்ததால் டாம்பரெல்லோவின் இசையில் இருந்த முரட்டு விசித்திரமெல்லாம் மழுங்கி, பாப் ஆகிவிட்டது என்பார். ஆல்பத்தை வெளியிட்ட சப் பாப் நிறுவனத்தின் பழைய விசுவாசிகள் இன்னொரு பக்கம். நிர்வாணா என்ற ராக் பேண்டின் முதல் ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனி இது. அழுக்குக் கிட்டாருக்குப் பேர்போனது. அங்கிருந்து இப்படிச் சுத்தமாகத் துடைத்துவைத்த ஒரு சாமான் வருவதா? கடைசியில் நடந்ததைப் பாருங்கள்: 2012-ல் 'கிவ் அப்' அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதி என்ற பிளாட்டினம் தகுதியைத் தொட்டது. அந்தக் கம்பெனி வரலாற்றில் அந்த நிர்வாணா ஆல்பத்துக்கு அடுத்தபடி அதிகம் விற்றது இதுதான்.

விற்பனையை வைத்து வாதத்தை முடிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். விற்றதால் நல்லது என்று நானே ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரு சீசனுக்குத்தான் தாங்கும் என்று அன்று உறுதியாகச் சொன்னவர்கள் தப்பாகக் கணித்தார்கள்.

அதிகமாகச் சண்டை நடப்பது 'சச் கிரேட் ஹைட்ஸ்' பாட்டைச் சுற்றித்தான். ஆரம்பத்தில் அந்தத் துளித்துளி ஒலிகளை ஹெட்ஃபோனில் கேட்கவேண்டும். காதுக்குக் காது தாவும். முதல் வரியிலேயே காதலர்கள் இருவரின் கண்ணிலும் இருக்கும் சிறு புள்ளிகள் கண்ணாடிப் பிம்பம் மாதிரி, முத்தமிடும்போது அவை நேருக்கு நேர் பொருந்தும் என்கிறார். இந்த வரியை எழுதினவனுக்குப் பதினாறு வயசுதான் இருக்கும் என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு கட்சி. கல்யாணத்தில் இதைத்தான் போட்டோம் என்பவர்கள் இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சிக்குப் பக்கத்தில் நிற்கிறேன், ஆனால் காரணம் வேறு.

அந்தப் பாட்டுக்கு இன்னொரு வடிவம் உண்டு. அயர்ன் அண்ட் வைன் என்ற பெயரில் பாடும் சாம் பீம், வெறும் கிட்டாரோடு, காதருகே கிசுகிசுப்பதுபோலப் பாடியது. 2003-ல் தனிப்பாட்டாக 'சச் கிரேட் ஹைட்ஸ்' வெளிவந்தபோதே அந்தத் தட்டில் அதுவும் இருந்தது. அடுத்த வருஷம் 'கார்டன் ஸ்டேட்' படத்தில் வந்ததும் ஊரெல்லாம் பரவியது. பலர் அதைத்தான் முதலில் கேட்டார்கள். மூலத்தைப் பிறகு கேட்டவர்களுக்கு அது அதிர்ச்சி: இவ்வளவு நல்ல பாட்டை ஏன் இப்படி பீப் பீப் என்று கெடுத்து வைத்திருக்கிறார்கள்! சாம் பீம் வடிவம்தான் பாட்டின் உண்மையான உள்ளம் என்று அடித்துச் சொல்பவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாட்டின் பிற்பகுதியை ஒரு தடவை கவனியுங்கள். அவள் எங்கோ வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறாள். அவள் ரேடியோவைத் திருப்பும்போது இந்தப் பாட்டு அவளை வீட்டுக்கு வழிகாட்டட்டும் என்று பாடுகிறவன் ஏங்குகிறான். அப்புறம் சொல்கிறான்: இதையெல்லாம் உன் ஆன்சரிங் மெஷினில் விட்டுவைக்க முடிந்தவரை முயன்றேன், ஆனால் திரும்பக் கேட்டபோது அந்த விடாத பீட் மெலிந்து ஒலித்தது. என்ன ஒரு வரி! தூரத்துக்கு அனுப்பினால் சத்தம் மெலிந்துவிடும் என்பதை அந்தச் சத்தத்தையே வைத்துக்கொண்டு சொல்கிறான். டாம்பரெல்லோவின் பீட்டைத் தபாலில் வாங்கி, அதன்மேல் எழுதிய வரி இது. சாம் பீம் பாடும்போது அங்கே பீட்டே கிடையாது. விடாத பீட் என்று அவர் பாடுவது எதை? அவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார். மிக அழகாகத்தான் பாடுகிறார், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் நானும் அதைத்தான் போடுவேன். ஆனால் மூலத்தில் பாடுபவன் பக்கத்தில் இல்லை. தொலைவிலிருந்து கூப்பிடுகிறான். அந்த பீப் ஒலிகள் அவன் கூப்பிடும் கம்பி.

பின்னால் ஒரு கூரியர் நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்தில் இதன் இசை வந்தபோது என் டிரம்மர் நண்பர் நிஜமாகவே மனம் உடைந்துபோனார். தபால் துறை தத்தெடுத்த குழந்தையை அதன் போட்டியாளர் வீட்டில் பார்த்த வருத்தம் அது. நானும் அன்று அவர் பக்கம்தான்.

பெண்களிடம் கேட்டால் பேச்சு வேறு பாட்டுக்குப் போய்விடும். 'நத்திங் பெட்டர்'. முதல் பாதியில் ஆண் பாடுகிறான். போகிறேன் என்று கிளம்பி நிற்கிறாள் காதலி. உன்னைப் போக விடமாட்டேன், வாசலை மறித்து நிற்பேன், கோல் கீப்பர் மாதிரி என்கிறான். கல்யாணம், சேர்ந்தே வயதாவது என்று அடுக்குகிறான். கேட்பவருக்கு ஐயோ பாவம் என்று தோன்றும். அந்த நேரத்தில் பெண் குரல் குறுக்கே வருகிறது. ஆல்பத்தில் அதைப் பாடியவர் ஜென் வுட். மேடையில் ஜென்னி லூயிஸ் பாடிப் பாடி, பலர் அதை அவர் குரல் என்றே நினைத்திருக்கிறார்கள். லூயிஸ் இந்த ஆல்பத்தில் வேறு பாட்டுகளில் பாடியிருக்கிறார்.

வந்தவள் என்ன சொல்கிறாள்? ஒரு நிமிஷம், நான் குறுக்கிடவேண்டும். நீ உன்மேலேயே பரிதாபப்பட்டு எங்கேயோ போய்விட்டாய். நடந்ததைத் திருத்தித் திருத்திச் சொல்கிறாய், நடுவில் விட்டும்விடுகிறாய். வரைபடம், புள்ளிவிவரம் எல்லாம் தயார் செய்திருக்கிறேன், ஏன் போகிறேன் என்று விளக்க. அழுகை இல்லை, கோபமும் இல்லை. கணக்குப் பார்த்து வைத்துவிட்ட குரல்.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், பூனாவைச் சேர்ந்தவர், இந்தப் பாட்டை மதிய உணவு நேரத்தில் ஓர் இயர்ஃபோனில் நான், ஓர் இயர்ஃபோனில் அவர் என்று கேட்டார். அந்தப் பெண்குரல் நுழைந்ததும் கையில் இருந்த ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். "இத்தனை வருஷமாகக் காதல் பாட்டுக் கேட்கிறேன், ஒரு தடவையாவது அந்தப் பொண்ணு பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை" என்றார். நானோ அதுவரை அந்த ஆணுக்காக வருந்திக்கொண்டிருந்தேன். பத்துப் பதினைந்து தடவை கேட்டும், அவன் சொல்வது ஒரு தரப்பு என்று எனக்கு உறைக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பாட்டின் மையம் எனக்கு இடம் மாறிவிட்டது. மற்றவர்களின் அபிப்பிராயத்தை நான் தேடித் தேடிக் கேட்பது இதற்காகத்தான். காது ஒன்றுதான், அதற்குள் ஒரு கதவு யாரோ திறந்துவிட்டால்தான் திறக்கிறது.

(அந்தக் கோல் கீப்பர் உவமையைப் பற்றி ஐஸ் ஹாக்கி தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். வரியில் மூன்றாவது கால்பகுதி என்று வருகிறது. ஐஸ் ஹாக்கி ஆட்டம் கால்பகுதிகளாகப் பிரிவதில்லை, மூன்று பகுதிகள்தான். தடுமாறிப் பேசுகிறவனுக்கு உவமையும் தடுமாறட்டும் என்று நான் விட்டுவிட்டேன்.)

இதைக் காதல் ஆல்பம் என்று வகைப்படுத்துகிறவர்களோடு எனக்கு ஒரு வாக்குவாதம் பாக்கி இருக்கிறது. இனிப்பு, இளமை, ஏக்கம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். வரிகளைக் கேளுங்கள். 'ஸ்லீப்பிங் இன்' பாட்டில் ஒருவன் கனவு காண்கிறான். கனவில் எல்லாமே எளிமையாக இருக்கிறது. கென்னடியைச் சுட்டதில் சதி எதுவும் இல்லை, ஏதோ நிரூபிக்க நினைத்த ஒரு குழம்பிய மனிதன், அவ்வளவுதான். பூமி சூடாவதும் நமக்குக் கிடைத்த பரிசு. நல்லவர்களாக நடந்துகொண்டோம், அதனால் இப்போது நவம்பரிலும் நீந்தலாம் என்று மக்கள் நம்புகிறார்கள். இது 2003-ல் பாடியது. தாலாட்டு மாதிரி மெட்டு. எழுப்பாதீர்கள், தூங்கவிடுங்கள் என்கிறான். 2021 ஜூன் 28-ம் தேதி சியாட்டிலில் 42 டிகிரி வெயில் அடித்தது. நான் அப்போது கோவைக்குத் திரும்பியிருந்தேன். ஏசி இல்லாத வீட்டில் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என் பழைய ரூம்மேட் வீடியோவில் வந்தான். எனக்கு இந்தப் பாட்டுதான் ஓடியது, அவனிடம் சொல்லவில்லை.

'வி வில் பிகம் சிலவெட்ஸ்' அதைவிட. கொண்டாட்டமான மெட்டு, சேர்ந்து பாடத் தோன்றும் ஹம்மிங். சொல்வது என்னவோ ஒரு பேரழிவு. வெளியே காற்றில் விஷம். செய்தியில் வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்கிறார்கள். அலமாரியில் டப்பா உணவு, வடிகட்டிய தண்ணீர், உன் படங்கள், இது முடியும்வரை வெளியே வரமாட்டேன் என்கிறான் ஒருவன். பத்து வருஷத்துக்கு மேல் இதைத் துள்ளலாகக் கேட்டிருக்கிறேன். 2020 ஏப்ரல் மாதம் ஊரடங்கில், மொட்டை மாடியில் தனியாக நடந்துகொண்டு கேட்டபோது பாதியில் நிறுத்தவேண்டியிருந்தது. தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. கீழே அம்மா துவரம்பருப்பு எத்தனை கிலோ இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். இந்தப் பாட்டைக் கும்மாளம் என்று சொல்பவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை, நானே அப்படித்தான் கேட்டேன்.

குறைகளும் உண்டு. 'கிளார்க் கேபிள்' எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. சினிமாவில் வருகிற மாதிரி ஒரு முத்தத்தைப் படம்பிடிக்கப் பழைய காதலியைக் கூப்பிடுகிற கதை. கதை நன்றாக இருக்கிறது, பாட்டு அதன்மேல் ஓடித் தாண்டிவிடுகிறது. 'திஸ் ப்ளேஸ் இஸ் எ ப்ரிசன்' நடுவில் ஆளை நிறுத்தி உட்காரவைத்துவிடுகிறது என்று பலர் சொல்வதையும் மறுக்கமாட்டேன்.

ஆனால் கடைசிப் பாட்டு 'நேச்சுரல் ஆந்தம்' வந்ததும் அணைத்துவிடுகிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் கெஞ்சுவேன். ஐந்து நிமிடப் பாட்டு. பெரும்பகுதி இரைச்சல்தான், தெறித்து ஓடும் டிரம், அதன்மேல் அலையலையாய் ஏறும் ஒலி. மற்ற ஒன்பது பாட்டிலும் கிப்பர்ட் குரலுக்கு இடம் விட்டுப் பின்னால் நின்ற டாம்பரெல்லோ, இங்கே முன்னால் வருகிறார். குரல் எங்கே என்று தேடித் தேடிக் களைத்த பிறகுதான் வருகிறது. வந்து என்ன சொல்கிறது? உனக்கு ஒரு பாட்டு எழுதுவேன், பாடுவதற்குக் கஷ்டமாக இருக்காது, ஏற்கெனவே தெரிந்த பாட்டு மாதிரி இருக்கும், கூலி உயர்வு கேட்டு நிற்கிற தொழிலாளிகளையெல்லாம் அது திரட்டும் என்று. பாடவே முடியாத ஓர் இரைச்சலுக்குள்ளிருந்து ஒருவன் எல்லோரும் பாடக்கூடிய பாட்டை வாக்களிக்கிறான். ஆல்பத்தின் இரண்டு பாதிகளும் ஒன்றை ஒன்று முட்டி நிற்பது அங்கேதான். அதைக் கேட்காமல் எழுந்து போவது, பந்தியில் ரசம் சோறு வருவதற்குள் இலையை மடிப்பது மாதிரி.

இப்போது இதைக் கேட்கும் இளையவர்களின் அபிப்பிராயம் வேறு தினுசு. என் அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு ஆவுல் சிட்டி என்ற பெயரில் பாடும் ஒருவரின் 'ஃபயர்ஃப்ளைஸ்' பாட்டு சின்ன வயதிலேயே தெரியும். 2009-ல் அது வந்தபோது, இது போஸ்டல் சர்வீஸைப் பார்த்து அடித்த காப்பி என்று எங்கள் வயதுக்காரர்கள் கொதித்தார்கள். அவள் வரிசை தலைகீழ். 'கிவ் அப்' கேட்டுவிட்டு, "மாமா, இது ஆவுல் சிட்டி மாதிரியே இருக்கு, ஆனா இவர் சோகமா இருக்கார்" என்றாள். முதலில் எனக்குச் சுருக்கென்றது. யோசித்தால் இதைவிடச் சுருக்கமாக வித்தியாசத்தை நான் சொன்னதில்லை. தபாலில் அனுப்பினார்கள் என்ற கதை அவளை அசைக்கவே இல்லை. அவளுடைய நண்பர்கள் சென்னையில் ஒருவர், பெங்களூரில் ஒருவர் என்று ஃபோனிலேயே கோப்பு அனுப்பிப் பாட்டுப் பண்ணுகிறார்கள். இதில் என்ன அதிசயம் என்று கேட்கிறாள். காத்திருந்ததுதான் அதிசயம் என்றேன். அனுப்பியதற்கும் வந்ததற்கும் நடுவில் நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் அனுப்பியவர் அதில் கைவைக்க முடியாது. அடுத்தவர் என்ன செய்வாரோ என்று விட்டுவிடவேண்டும். அவள் தலையாட்டினாள், ஏற்றுக்கொண்டாளா தெரியவில்லை. அவளுக்குப் பிடித்தது 'பிராண்ட் நியூ காலனி'. எல்லாம் மாறும், எல்லாம் மாறும் என்று திரும்பத் திரும்பப் பாடி முடியும் பாட்டு. அந்த வயசுக்கு அதுதான் சரி.

இரண்டாவது ஆல்பம் வரவே இல்லை. 2013-ல் பத்தாண்டு நிறைவுக்கான பதிப்பில் இரண்டு பாட்டுகள் புதிதாகச் சேர்ந்தன, ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள், அவ்வளவுதான். அது ஏமாற்றம் என்பவர்கள் நிறையப் பேர். எனக்கு ஏமாற்றம் இல்லை. இரண்டு பேருக்கும் வேறு வேலை வந்தது, தபால் நின்றது. நின்றுபோன கடிதப் போக்குவரத்தை வற்புறுத்தித் தொடர்ந்தால் என்ன ஆகும் என்று கடிதம் எழுதிய தலைமுறைக்குத் தெரியும்.

2023-ல் இருபதாம் ஆண்டு. கிப்பர்ட் ஒரே இரவில் இரண்டு ஆல்பங்களையும் முழுதாகப் பாடினார்: டெத் கேப்பின் 'டிரான்ஸ் அட்லாண்டிசிசம்', அதுவும் 2003-ல் வந்ததுதான், அப்புறம் 'கிவ் அப்'. என் பழைய ரூம்மேட் போயிருந்தான். வீடியோ கேம் சத்தம் என்று சொன்ன அதே ஆள். நான்தான் போகச் சொல்லி நச்சரித்தேன். என்னால் போக முடியாது, எனக்காகவாவது போய்க் கேட்டுச் சொல் என்று. மறுநாள் கூப்பிட்டான். எனக்கு ராத்திரி, அவனுக்குக் காலை.

நான் ஆறு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டேன். அவன் அங்கேயே தங்கிவிட்டான். பெண் அங்கேதான் பிறந்தாள், பத்து வயதாகிறது, அமெரிக்கக் குடிமகள். அவனுடைய பச்சை அட்டை விண்ணப்பம் மட்டும் பத்து வருஷம் தாண்டியும் வரிசையில் நிற்கிறது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை அப்படி. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை விசா நீட்டிப்பு, ஒவ்வொரு தடவையும் வயிற்றில் ஒரு கல்.

"எப்படிடா இருந்துச்சு?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். "அந்த ஸ்டிக்கர் பாட்டு வந்துச்சுடா. சுத்தி அத்தனை பேரு, எல்லாரும் அந்த ஊர்க்காரய்ங்க, கையத் தூக்கிக்கிட்டு ஒரே குரல்ல பாடுறாய்ங்க. நான் இங்க வந்துபோறவன், நிரந்தரம் இல்லன்னு. எனக்கும் வரி தெரியும். நான் பாடல. சும்மா நின்னுக்கிட்டு இருந்தேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"ஆனா அந்தக் கடைசிப் பாட்டு," என்றான், "நீ என்ன சொன்னாலும் சரி. அது வெறும் இரைச்சல்தான்டா."